நெட் தேறினால் கற்பிக்க வந்துவிடுமா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுக்க ஈராண்டு ஆசிரியர் பட்டயப் படிப்பு வேண்டும். அதற்கு மேல் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். கல்லூரியில் அறுபது பேரை உட்காரவைத்துப் பொருளியலோ இயற்பியலோ நடத்துகிறவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் போதும். முனைவர் பட்டம் இருந்தாலும் சரி. நெட் முதல் தாளில் 'கற்பித்தல் திறன்' இருக்கிறதே என்று சிலர் வாதாடலாம். பத்துப் பிரிவுகளில் அது ஒன்று, அதுவும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள்.

பாடம் தெரிந்தவருக்குக் கற்பிக்கத் தானாக வந்துவிடும் என்பது நம் கல்லூரிகளில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அதற்கு ஒரு வாலும் உண்டு. நடத்தியது புரியவில்லை என்றால் குறை பிள்ளையிடம்தான். "பேஸிக்ஸே இல்லை சார்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அத்தோடு விசாரணை முடிந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் எரிக் மஸூருக்குப் பாடம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மாணவர்களும் அவருக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுத்துவந்தார்கள். 1990 வாக்கில், விசை பற்றிய எளிய கருத்துக் கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைப் போட்டுத் தள்ளியவர்களே அந்த எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அதன் பிறகு அவர் வகுப்பை மாற்றினார்: கேள்வியைப் போடுவது, பக்கத்திலிருப்பவரோடு விவாதிக்கவிடுவது, மறுபடியும் விடை கேட்பது.

வாலை அறுத்தவர் யூரி டிரைஸ்மன். 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் திரும்பத் திரும்பத் தோற்பது ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, வறுமை என்று பதில்கள் வந்தன. நம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேட்பது போலவே இருக்கிறது! டிரைஸ்மன் அந்தப் பதில்களை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. கறுப்பின மாணவர்கள் இருபது பேர், சீன வம்சாவளியினர் இருபது பேர். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். நான்கு காரணங்களும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களில் பலர் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். அவர்களுடைய பெற்றோர் படிப்புக்காக எதையும் தாங்கத் தயாராக இருந்தவர்கள். வேறுபாடு ஒன்றுதான் பளிச்சென்று தெரிந்தது: சீன மாணவர்கள் கூடிப் படித்தார்கள், ஒருவர் தவற்றை மற்றவர் பிடித்தார். கறுப்பின மாணவர்கள் தனித்தனியே உழைத்தார்கள். தாங்கள் எங்கே பிசகுகிறோம் என்பதைச் சொல்ல அருகில் ஆளில்லை.

அவர் தொடங்கிய பயிலரங்கில் கவனிக்க வேண்டியது, அது 'மெல்லக் கற்போருக்கான' வகுப்பு அல்ல என்பது. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக மோதவிட்டார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் தரம் இறங்கிவிடும் என்று அலறுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், விரிவுரை மட்டுமே நடக்கும் அறிவியல், கணித, பொறியியல் வகுப்புகளில் தோல்வி விகிதம் ஏறக்குறைய 34 விழுக்காடு, மாணவர்கள் பங்கேற்கும் வகுப்புகளில் 22 என்றே வந்தது.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியச் செய்தி அல்ல. 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் அரசுப் பள்ளி மாணவிகள், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூலைத் தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்தாயிற்று. கரும்பலகையைப் பார்த்தபடி "இதிலிருந்து இது வருகிறது" என்று விரலால் காட்டும் ஆசிரியரிடம் பார்வையற்ற மாணவர் எதைக் கற்பார்? புது ஆசிரியர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அப்படி நடத்துவதில்லை. தனக்கு எப்படி நடத்தப்பட்டதோ அப்படியே நடத்துகிறார். தன்னைப் போன்ற ஒரு மாணவரை மனத்தில் வைத்து நடத்துகிறார்.

பயிற்சி இல்லாமல் இல்லை. 1986 கல்விக் கொள்கையை ஒட்டிக் கல்விப் பணியாளர் கல்லூரிகள் வந்தன. பிறகு மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. இப்போது மதன் மோகன் மாளவியா பெயரில் இருக்கின்றன. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் உள்ளே மாறவில்லை. நாள் முழுக்க வரிசையாக விரிவுரை. மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பது எப்படி என்பதைப் பற்றியும் விரிவுரைதான். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், அது கிடைத்துவிடும். திங்கட்கிழமை முதல் பீரியடில் அவர் பழையபடி யூனிட் ஒன்றைத் திறப்பார்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகம் 1979-லேயே வேறு வழியில் போனது. மில்டன் காக்ஸ் வளர்த்தெடுத்த அந்த முறையில், வெவ்வேறு துறைகளின் புது ஆசிரியர்கள் எட்டுப் பத்துப் பேர் ஓராண்டு முழுக்க இடைவெளி விட்டு விட்டுச் சந்திப்பார்கள். ஆளுக்கொரு பாடத்தை எடுத்துக்கொண்டு, சகாக்களின் கேள்விகளைத் தாங்கித் திருத்தி அமைப்பார்கள். நமக்கு இன்னும் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எந்தச் சோதனை சொதப்பியது என்று பேசினார்கள். தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வந்து கலந்துகொண்டார்கள். 2002-இல் மாநில அரசு அதை மூடியது. ஆசிரியர் சக ஆசிரியரிடம் கற்க மாட்டார் என்பது அதற்குள் பொய்யாகியிருந்தது.

பாடத்திட்டம் பல்கலைக்கழகம் கொடுப்பது, நம் கையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த சாக்கு. இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. முதல் தேர்வை மூன்றாம் வாரத்தில் சிறிதாக வைத்துத் தடுமாறுகிறவர்களை முன்னமே கண்டுபிடிக்கலாம். கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துக் கொடுக்கலாம். கைபேசி வாசித்துக்காட்டும்படி குறிப்புகளைத் தட்டச்சுக் கோப்பாகத் தரலாம். ஜெராக்ஸைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அது வாசிக்காது. இவற்றில் எதை எப்படிச் செய்வது என்பது பக்கத்து அறையில் அதே பிள்ளைகளுக்கு வேறு பேப்பர் நடத்தும் சகாவுக்குப் பாதி தெரிந்திருக்கும். அவர் வினாத்தாளை இவரும், இவர் வினாத்தாளை அவரும் பார்ப்பதில்லை. அடுத்தவர் வகுப்பில் போய் உட்கார்வது வேவு பார்ப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்கு. சேர்ந்த முதல் ஆண்டில் அதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, புது ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை ஒருவர் பிரித்துப் பார்ப்பதற்கென்று டைம்டேபிளில் எழுதினால் தனிக் கட்டடமோ உணவுப் படியோ வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: அந்த மணி நேரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.