இரண்டு கோல் கீப்பர், ஒரே இடம்! யாரை வைப்பது, யாரை விடுவது?

ஊரப்பாக்கம்-

இரண்டு பேருமே நல்ல கோல் கீப்பர்கள். இரண்டு பேருமே கடும் உழைப்பாளிகள். ஆனால் இடம் ஒன்றே ஒன்றுதான். யாரை வைத்துக்கொள்வது? யாரை வீட்டுக்கு அனுப்புவது?

இந்திய ஆக்கி அணியை 50 ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்டிப்படைக்கும் கேள்வி இது. சென்னையிலும் மதுரையிலும் 2025 நவம்பர் 28-ந் தேதி முதல் டிசம்பர் 10-ந் தேதி வரை ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி எழும்பூர் மைதானத்தை விட்டு மின்சார ரெயிலில் ஏறி, தாம்பரம் தாண்டி, ஊரப்பாக்கம் டீக்கடை வரை வந்துவிட்டது.

"ஷூட்-அவுட்டுல அந்தப் பையன் சுவர் மாதிரி நின்னான் பாருங்க சார்! அவனைத்தான் பெரிய டீமுக்கு எடுக்கணும்" என்கிறார் ஒரு மளிகைக் கடைக்காரர்.

"அது சரி அண்ணாச்சி. இன்னொரு பையன் என்ன பாவம் பண்ணான்? அவனும்தானே ராப்பகலா பாடுபட்டான்" என்று மடக்குகிறார், எழும்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு குமாஸ்தா.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் சிக்கலே!

எழும்பூரில் நடந்தது என்ன?

ஜூனியர் இந்திய அணியில் இரண்டு கோல் கீப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் பிக்ரம்ஜித் சிங். இன்னொருவர் பிரின்ஸ்தீப் சிங். பயிற்சியாளர் யார் தெரியுமா? கோல் கீப்பர்களுக்கெல்லாம் வாத்தியார் என்று சொல்லத்தக்க ஸ்ரீஜேஷ்!

முதல் சுற்றில் சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று இந்தியா நொறுக்கியது. 3 ஆட்டங்களில் 29 கோல் போட்டது. வாங்கியது ஒன்றுமே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து இந்தப் பக்கம் அதிகம் வராதபோது கோல் கீப்பர் கெட்டிக்காரரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை டிசம்பர் 5-ந் தேதி கிடைத்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் கால் இறுதி. எதிரே பெல்ஜியம். ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்ஜியம் ஒரு கோல் போட்டு 2-2 என்று சமன் செய்துவிட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஷூட்-அவுட்டில் கோல் வாயிலில் நின்றவர் பிரின்ஸ்தீப் சிங். இந்தியா 4-3 என்று வென்றது. ஒரே ராத்திரியில் அவர் ஹீரோ ஆகிவிட்டார்.

ஆனால் இரண்டே நாளில், அரை இறுதியில் ஜெர்மனி 5 கோல் போட்டு இந்தியாவை 5-1 என்று சாய்த்தது. 10-ந் தேதி அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. ஜூனியர் உலகக் கோப்பையில் 9 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதக்கம் அது.

ஒரு நாள் கொண்டாட்டம், மறுநாள் திண்டாட்டம். கோல் கீப்பர் பிழைப்பு அப்படிப்பட்டது.

8 விநாடியில் தலைவிதி

முன்கள ஆட்டக்காரர் 5 வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு ஆறாவதில் கோல் போட்டால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோல் கீப்பர் 5 பந்துகளைத் தடுத்து ஆறாவதை விட்டால், அந்த ஒன்றைத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

கோல் வாயில் 12 அடி அகலம், 7 அடி உயரம். பெனால்டி கார்னரில் வரும் பந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தையும் தாண்டும். ஷூட்-அவுட் என்றால் கேட்கவே வேண்டாம். 23 மீட்டர் தூரத்தில் இருந்து எதிரி தனியாகப் பந்தோடு ஓடி வருவார். அவருக்கு 8 விநாடி நேரம். அதற்குள் முன்னேறிப் போய் மறிப்பதா, பின்வாங்கி நிற்பதா என்று கோல் கீப்பர் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த 8 விநாடியை மட்டும் பார்த்து ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை விட்டுவிடலாமா? பழைய கதைகளைப் புரட்டினால், "அவசரப்படாதே" என்றுதான் சொல்கின்றன.

லக்னோ தந்த பாடம்

2016-ம் ஆண்டு லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. அன்று அரை இறுதியில் ஆஸ்திரேலியாவை ஷூட்-அவுட்டில் மடக்கி ஹீரோ ஆனவர் விகாஸ் தகியா. இந்தியா கோப்பையையும் வென்றது. அந்த அணியில் இரண்டாவது கோல் கீப்பராக இருந்தவர் கிரிஷன் பகதூர் பதக்.

பிறகு நடந்தது என்ன? சீனியர் அணியில் நிலைத்து நின்றவர் பதக்!

பஞ்சாபில் உள்ள கபுர்தலாவைச் சேர்ந்தவர் அவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். 2016-ல் தந்தையும் போய்விட்டார். இருந்தும் ஆக்கி மட்டையை அவர் கீழே போடவில்லை.

ஆனால் சீனியர் அணியிலும் அவருக்கு உடனே கதவு திறந்துவிடவில்லை. முன்னால் மலை போல ஸ்ரீஜேஷ் நின்றார். 2024 பாரீஸ் ஒலிம்பிக்குக்குப் பதக் போனார். எப்படி? ரிசர்வ் ஆட்டக்காரராக! களம் இறங்கும் 16 பேரில் அவர் பெயர் இல்லை. இந்தியா வெண்கலம் வென்றது. ஸ்ரீஜேஷ் 336 ஆட்டங்களோடு விடைபெற்றார்.

அதன் பிறகு பதக்குக்கும், மும்பையைச் சேர்ந்த சூரஜ் கர்கேராவுக்கும் இடையே அதே போட்டி கிளம்பியது. 2024 செப்டம்பரில் சீனாவில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருவருமே இருந்தார்கள். 2025 செப்டம்பரில் ராஜ்கீரில் தென் கொரியாவை 4-1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பையை வென்ற அணியிலும் இருவருமே இருந்தார்கள். கீழே இருந்து ஜூனியர்கள் வேறு ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வாத்தியாரும் காத்திருந்தவர்தான்

பின்னாளில் பயிற்சியாளரான ஸ்ரீஜேஷ் மட்டும் வந்த அன்றே ராஜாவா? இல்லை. 2006-ல் சீனியர் அணிக்குள் வந்தவர், ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரி போன்றவர்களுக்குப் பின்னால் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார். மகனுக்கு கோல் கீப்பர் பேடு வாங்கித்தர அப்பா வீட்டுப் பசுமாட்டையே விற்றார் என்று ஸ்ரீஜேஷே சொல்லியிருக்கிறார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேப்டனே கோல் கீப்பர்தான். அவர் பரத் சேத்ரி. இன்னொரு கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ். அங்கே இந்தியா ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல் கடைசி இடத்துக்குப் போனது.

2 வருடம் கழித்து, 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. எதிரே பாகிஸ்தான். ஷூட்-அவுட்டில் ஸ்ரீஜேஷ் தடுத்தார். 16 வருடங்களுக்குப் பிறகு தங்கம் வந்தது. லண்டனில் இரண்டாமவராக இருந்தவரை அன்றே கழற்றிவிட்டிருந்தால்?

சென்னைக்காரர் விட்ட இடம்

காத்திருந்தவர் கதை இப்படி. இடத்தை விட்டவர் கதையையும் பார்க்க வேண்டும். அதில் சென்னைக்கும் பங்கு உண்டு.

சென்னை அணிக்கு ஆடிய ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 என்று 3 ஒலிம்பிக் தங்க அணிகளில் இருந்த கோல் கீப்பர். 1956 மெல்போர்னுக்குப் போனபோது அவருக்கு வயது 36. அவரோடு போன இன்னொரு கோல் கீப்பர் 23 வயது ராணுவ வீரர் சங்கர் லட்சுமண். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கோல் வாயிலில் நின்றவர் இளைஞர் லட்சுமண்தான். இந்தியா 1-0 என்று வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை.

அதே லட்சுமண் 1960-ல் வெள்ளி, 1964-ல் தங்கம் என்று கொடி நாட்டினார். 1966 ஆசிய விளையாட்டில் அவரே கேப்டன். அங்கும் தங்கம்!

ஆனால் 1968 மெக்சிகோ ஒலிம்பிக் வந்தபோது அவர் பெயரைக் காணோம். போனவர்கள் ராஜேந்திர கிறிஸ்டியும், தமிழ்நாட்டைச் சேர்ந்த முனீர் சேட்டும். லட்சுமண் ஆக்கிக்கே கும்பிடு போட்டுவிட்டார். இந்தியா அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக இறுதிப் போட்டிக்குப் போகாமல் வெண்கலத்தோடு திரும்பியது. அதற்குக் கோல் கீப்பர்கள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 35 வயது லட்சுமண் போயிருந்தால் தங்கம் வந்திருக்கும் என்றும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாட்டுக்கு 3 ஒலிம்பிக் ஆடியவர் 2006-ல் ம்ஹவ் ஊரில் வறுமையில், நோயில் இறந்தார் என்பது மட்டும் உறுத்துகிறது.

ஒருவர் இடத்தை வாங்கியவர், 12 வருடத்தில் அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட்டுப் போகிறார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போகிறவரை எப்படி அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

16 பேர் கணக்கு

"இரண்டு பேரையும் வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கலாம். சாதாரண சர்வதேசப் போட்டிகளுக்கு 18 பேர் போகலாம். இரண்டு கோல் கீப்பர்களுக்கும் இடம் உண்டு. பாதி நேரம் ஒருவர், மீதி நேரம் இன்னொருவர் என்று மாற்றி மாற்றி நிறுத்தலாம்.

ஒலிம்பிக்கில் 16 பேர்தான். வெயிலில் 60 நிமிடம் ஓடி ஆட ஆள் வேண்டும். பெஞ்சில் உட்கார ஒரு கோல் கீப்பரை எடுத்தால், ஓடுகிற ஆட்டக்காரர் ஒருவர் குறைகிறார். அதனால்தான் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்ற நிலை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கும் இதே தலைவலிதான் காத்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய ஆட்டத்துக்கு ஒரே கோல் கீப்பர்தான் சரி. பின்கள ஆட்டக்காரர்களுக்கு அவர் குரல் பழகியிருக்க வேண்டும். எப்போது முன்னே வருவார், எப்போது நிற்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். நேரத்துக்கு ஒருவர் என்று மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆனால் அந்த ஒருவரைப் பொறுக்கும் முன்பு இரண்டாமவருக்கும் கடினமான ஆட்டங்களைக் கொடுக்க வேண்டும். ஓமனுக்கு எதிராக நிறுத்திவிட்டு, "வாய்ப்புக் கொடுத்தோமே" என்று சொல்வது நியாயம் ஆகாது. பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் எதிராக முழு ஆட்டம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு ஷூட்-அவுட்டை வைத்துத் தூக்கவும் கூடாது, ஒரு தோல்வியை வைத்து இறக்கவும் கூடாது.

கடைசியாக ஒன்று. விடுபட்டவரைக் கூப்பிட்டு, காரணத்தை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பேப்பரில் பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. வேலை போன காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போகிற வலி, ஆக்கி ஆடாதவர்களுக்கும் தெரியும்.

ஊரப்பாக்கம் டீக்கடை வழக்குக்கும் ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. "ஒருத்தன வச்சுக்குங்க சார். ஆனா இன்னொருத்தன தூக்கி எறியாதீங்க. நாளைக்கு அவன்தான் தேவைப்படுவான்" என்றபடி கிளாசைக் கழுவி வைத்தார் டீக்கடைக்காரர்.

லண்டனில் இரண்டாமவராக இருந்த ஸ்ரீஜேஷைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்!