வலது கன்ட்ரோல் வாழ்க!

விர்ச்சுவல் மெஷின் உபயோகிக்க ஆரம்பிச்ச புதுசுல யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "உள்ள போன மவுஸ் வெளிய வர மாட்டேங்குது", "ஆல்ட்+டேப் அடிச்சா உள்ளுக்குள்ளயே சுத்துது", "இங்க காப்பி பண்ணா அங்க பேஸ்ட் ஆக மாட்டேங்குது". உடனே பக்கத்து சீட்டு புண்ணியவான் ஒருத்தர் வந்து, "கெஸ்ட் அடிஷன்ஸ் போடு, கிளிப்போர்டை ரெண்டு பக்கமும் திறந்து விடு, சீம்லெஸ் மோடுக்கு மாத்து... எல்லாம் ஒரே மெஷின் மாதிரி ஆயிடும்"னு வழி சொல்லிட்டுப் போவார். நம்மாளும் அப்படியே செஞ்சுட்டு சந்தோஷமா ஆணி புடுங்கப் போயிடுவார்.

இந்த விஷயத்துல என் கட்சி வேற. ரெண்டு மெஷினும் ஒரே மெஷின் மாதிரி ஆகக் கூடாது. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போறப்போ ஒரு சின்ன இடறல் இருக்கணும். "நான் இப்போ வாசற்படி தாண்டுறேன்"னு கைக்குத் தெரியணும். அந்த இடறலை எடுத்துட்டா, விர்ச்சுவல் மெஷின் எதுக்காகப் போட்டோமோ அதையே எடுத்துட்ட மாதிரிதான்.

பொட்டி தட்டாத மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். உங்க நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். அதுக்குள்ள ஒரு சாப்ட்வேர் (விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி இப்படி ஏதோ ஒண்ணு) இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டும். அது கெஸ்ட். சென்னை பாஷையில சொல்லணும்னா ஹோஸ்ட் ஹவுஸ் ஓனர், கெஸ்ட் பின்பக்கத்துப் போர்ஷனுக்குக் குடி வந்தவர். ஒரே காம்பவுண்டு, ஒரே மோட்டார், ஒரே ஈபி கனெக்‌ஷன். ஆனா நடுவுல ஒரு கதவு, அதுக்கு ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் ஓனர் பக்கம்தான் இருக்கும்.

அந்தத் தாழ்ப்பாள்தான் ஹோஸ்ட் கீ. விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் வலது பக்கத்து கன்ட்ரோல். மேக்ல இடது பக்கத்து கமாண்ட். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன்ல கன்ட்ரோல்+ஆல்ட். க்யூஈஎம்யூல கன்ட்ரோல்+ஆல்ட்+ஜி. கெஸ்ட் முழுத்திரையில கீபோர்டு, மவுஸ் எல்லாத்தையும் கைப்பத்தி வெச்சிருந்தாலும், இந்தக் கீயை மட்டும் சாப்ட்வேர் ஹோஸ்டுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கு. மத்த கீ எல்லாம் உள்ள போகும். இது போகாது.

இதுல ஒரு அழகு இருக்கு. விண்டோஸ் என்டி 1993-ல வந்தப்போ லாகின் பண்ண கன்ட்ரோல்+ஆல்ட்+டெலிட் அழுத்தணும்னு வெச்சாங்க. நிறைய பேர் அதை வேண்டாத வேலைன்னுதான் நினைச்சாங்க. காரணம் என்னன்னா, அந்த மூணு கீயையும் சாதாரண ப்ரோகிராம் எதுவும் இடையில புகுந்து பிடிக்க முடியாது. போலி லாகின் திரை ஒண்ணை எவனாவது வரைஞ்சு வெச்சிருந்தாலும், இதை அழுத்தினா நிஜ விண்டோஸ்தான் எழுந்து வரும். அதனாலதான் விண்டோஸ் ஹோஸ்ட்ல உட்கார்ந்துக்கிட்டு கெஸ்டுக்கு அந்த மூணு கீயை நேரடியா அனுப்ப முடியாம, விர்ச்சுவல்பாக்ஸ்ல ஹோஸ்ட் கீ+டெலிட், விஎம்வேர்ல கன்ட்ரோல்+ஆல்ட்+இன்சர்ட், ஹைப்பர்-வியில கன்ட்ரோல்+ஆல்ட்+எண்ட்னு தனித்தனி வழி வெச்சிருக்காங்க. ஹோஸ்ட் கீயும் அதே ஜாதிதான். முழுத்திரைக்குள்ள இருக்கிற ஒரு வில்லங்கமான ப்ரோகிராம் உங்க ஹோஸ்ட் டெஸ்க்டாப் மாதிரியே படம் வரைஞ்சு காட்டலாம். ஆனா நீங்க வலது கன்ட்ரோலைத் தட்டுறதை அதால தடுக்க முடியாது. நம்பிக்கைங்கிறது அந்த ஒரு பட்டன்லதான் இருக்கு.

இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. ஐபிஎம் 1972-ல அறிவிச்ச விஎம்/370-ல ஒரே மெயின்பிரேமுக்குள்ள ஆளுக்கு ஒரு பொய் மெஷின். உள்ள ஓடுற சிஎம்எஸ்கிட்ட பேசிட்டு இருக்கிறப்போ, வெளிய இருக்கிற கன்ட்ரோல் ப்ரோகிராம்கிட்ட பேசணும்னா 3270 டெர்மினல்ல பிஏ1-ன்னு ஒரு கீ. திரையோட கீழ் வலது மூலையில "சிபி ரீட்"னு வந்தா வெளிய இருக்கீங்க, "விஎம் ரீட்"னு இருந்தா உள்ள இருக்கீங்க. நீங்க யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்கன்னு மெஷினே சொல்லிடும். பச்சை எழுத்துத் திரைக் காலத்துப் பெரியவங்களுக்கு இருந்த அந்த வசதியைத்தான் நாம சீம்லெஸ், யூனிட்டி, கோஹரன்ஸ்னு விதவிதமா பேர் வெச்சு அழிச்சுட்டு இருக்கோம்.

நிற்க. இதுல என்ன பெருசா குடி முழுகிப் போகுதுன்னு கேப்பீங்க. முழுகிப் போனதைப் பார்த்திருக்கேன்.

முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு நண்பர். ஹோஸ்டும் உபுண்டு, கெஸ்டும் உபுண்டு. ரெண்டுலயும் ஒரே யூசர் பேர், ஒரே கருப்பு டெர்மினல். சீம்லெஸ் மோடு போட்டு ரெண்டு டெர்மினலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தார். கெஸ்ட்ல டெஸ்டுக்குன்னு வெச்சிருந்த ஃபோல்டரை அழிக்க ஆர்எம் -ஆர்எஃப் அடிச்சார். அடிச்சது ஹோஸ்ட்ல. அங்கயும் அதே பேர்ல ஃபோல்டர் இருந்துச்சு, மூணு வாரத்துக் கோடு, இன்னும் செக்-இன் பண்ணாதது. அன்னிக்கு சாயங்காலம் அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல. டேமேஜர் கேபினுக்குள்ள போயிட்டு வந்தவர் யார்கிட்டயும் பேசாம பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். அவரைக் கவனக்குறைவுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு கதவுக்கும் ஒரே பெயின்ட் அடிச்சு, ஒரே பூட்டு மாட்டி, நடுச்சுவரையும் இடிச்சுட்டு, "நீ ஏன் தப்பான வீட்டுக்குள்ள போனே?"ன்னு கேக்கிறதுல என்ன நியாயம்?

அடுத்து கிளிப்போர்டு. விர்ச்சுவல்பாக்ஸ்ல இதுக்கு நாலு நிலை: மூடினது, ஹோஸ்ட்ல இருந்து கெஸ்டுக்கு, கெஸ்ட்ல இருந்து ஹோஸ்டுக்கு, ரெண்டு பக்கமும். அவங்க டிஃபால்டா மூடித்தான் கொடுக்குறாங்க. நாமதான் மொத வேலையா ரெண்டு பக்கமும் திறந்து விடுறோம். அப்புறம் ஹோஸ்ட்ல பேங்க் பாஸ்வேர்டைக் காப்பி பண்றோம். அந்த நேரத்துல கெஸ்டுக்குள்ள, "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்"னு எங்கிருந்தோ இறக்கின ப்ரோகிராம் ஒண்ணு ஓடிட்டு இருந்தா, கிளிப்போர்டுல என்ன இருக்குன்னு கேட்டாலே போதும், அதுக்குக் கிடைச்சுடும். நம்பிக்கை இல்லாததை ஓட்டத்தானே தனி மெஷின் போட்டோம்? விண்டோஸோட கூடவே வர்ற சாண்ட்பாக்ஸ்லகூட கிளிப்போர்டுப் பகிர்வு டிஃபால்டா திறந்துதான் இருக்கு. சந்தேகமான ஃபைலைத் திறக்கத்தான் அது இருக்குன்னு நினைச்சா சிரிப்பு வருது :-)

ஷேர்டு ஃபோல்டர் கதையும் அதேதான். 2008-ல விஎம்வேரோட ஷேர்டு ஃபோல்டர் வசதியில ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. பகிர்ந்த ஃபோல்டரைத் தாண்டி, கெஸ்ட்ல இருந்து ஹோஸ்டோட மத்த இடங்கள்லயும் படிக்கலாம், எழுதலாம்னு இருந்துச்சு. அப்புறம் சரி பண்ணிட்டாங்க. 2015-ல வந்த வெனம் ஓட்டை க்யூஈஎம்யூல, யாருமே தொடாத ஃப்ளாப்பி டிரைவ் கோடுல இருந்துச்சு! சுவரே நூறு சதம் உறுதி இல்லைங்கிறப்போ, நாமளா போய் அதுல ஜன்னல் ஜன்னலா வெட்டணுமா?

இது புரோகிராமர்களோட தலைவலி மட்டும் இல்ல. 2020-க்கு அப்புறம் வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவங்கள்ல சிலருக்கு, கம்பெனி கொடுத்த இமேஜை சொந்த லேப்டாப்ல விர்ச்சுவல் மெஷினா ஓட்ட வேண்டியிருக்கு. அந்த இமேஜுக்குள்ள கண்காணிப்பு சாப்ட்வேர் இருக்கலாம். சுவர் இருக்கிற வரைக்கும் அது பார்க்கிறது கெஸ்டை மட்டும்தான். "ஒரு ஃபைல் எடுக்கணுமே"ன்னு மொத்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் பகிர்ந்து விட்டீங்கன்னா, குழந்தையோட பிறந்தநாள் போட்டோ, அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட், நீங்க வேற கம்பெனிக்குப் போட்ட ரெஸ்யூம், எல்லாமே அந்தப் பக்கத்துல இருந்து கை நீட்டினா எட்டும். சுவர் கம்பெனி ரகசியத்தை மட்டும் காப்பாத்தல, உங்களையும் சேர்த்துத்தான் காப்பாத்துது. ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் மெயில் ஜன்னல் உங்க சினிமா ஜன்னலுக்குப் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்காம, மொத்த ஆபீஸையும் நிலையைச் சேமிச்சு மூடி வைக்க முடியுதே, அந்த சுகம் தனி மெஷின்ல மட்டும்தான்.

சரி, எதிர்க்கட்சி சொல்றதையும் கேப்போம். "நாள் பூரா மாறி மாறி வேலை பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கீ அழுத்துறது எரிச்சல் இல்லையா?" நியாயமான கேள்விதான். தமிழ்ல டைப் அடிக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு எரிச்சல் உண்டு. ஹோஸ்ட்ல தமிழ்99 போட்டு வெச்சிருந்தாலும், கெஸ்டுக்குள்ள நுழைஞ்சதும் வெறும் ஆங்கிலம்தான் விழும். கெஸ்டுக்குப் போறது எழுத்து இல்ல, எந்த கீயை அழுத்தினீங்கங்கிற எண் மட்டும்தான். அங்க தனியா தமிழ் விசைப்பலகை போட்டாகணும். எல்லாம் வாஸ்தவம்.

ஆனா அப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற வேண்டியிருந்தா, உங்களுக்குத் தேவை சுவரே இல்லைன்னு அர்த்தம். விண்டோஸ்ல லினக்ஸ் கமாண்ட் மட்டும் வேணும்னா டபிள்யூஎஸ்எல் இருக்கு. அதோட ரெண்டாவது பதிப்பும் உள்ளுக்குள்ள விர்ச்சுவல் மெஷின்தான். ஆனா உங்க சி டிரைவை எம்என்டி ஃபோல்டருக்குக் கீழ தானாவே மாட்டிக் கொடுத்துடும். சுவர் வேணாம், வசதி போதும்னு அது வெளிப்படையா எடுத்த முடிவு. அங்க ஆர்எம் அடிச்சா சி டிரைவ் ஃபைலும் போகும்னு தெரிஞ்சுதான் உபயோகிக்கிறோம். வேணாம்னா செட்டிங்ஸ்ல நிறுத்தியும் வைக்கலாம். அது நேர்மையான ஏற்பாடு. சுவர் இருக்கிற மாதிரியும் தெரியணும், இல்லாத மாதிரியும் நடக்கணும்ங்கிறதுதான் ஆபத்து.

நான் எப்படி வெச்சிருக்கேன்னு சொல்லிடுறேன், உபயோகப்பட்டா எடுத்துக்கோங்க. கிளிப்போர்டு ஹோஸ்ட்ல இருந்து கெஸ்டுக்கு ஒரு பக்கம் மட்டும், அதுவும் என் சொந்த கெஸ்ட்ல மட்டும். தெரியாத சாப்ட்வேர் ஓட்டுற கெஸ்ட்ல முழுசா மூடல். பகிர்றதுக்குன்னே தனியா ஒரு காலி ஃபோல்டர், ரீட்-ஒன்லியா. கெஸ்டோட டெஸ்க்டாப் பின்னணி கண்ணைக் குத்துற ஆரஞ்சு, டெர்மினல் எழுத்தும் வேற நிறம், யூசர் பேரும் வேற. முழுத்திரைக்குப் போக மாட்டேன். போனா ஜன்னலோட கீழ் வலது மூலையில கீபோர்டு யார் கையில இருக்குன்னு காட்டுற அந்தக் குட்டி அம்புக்குறி மறைஞ்சு போயிடும். நம்ம காலத்து "சிபி ரீட்" அது. பெருசா ஏதாவது அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட். இவ்வளவுதான். இதுக்கு ஆகுற செலவு ஒரு நாளைக்குக் கொஞ்சம் கீ அழுத்தல், கொஞ்சம் எரிச்சல்.

வசதி வேணாம்னு சொல்ற சாமியார் இல்ல நான். எனக்கும் சோம்பேறித்தனம் உண்டு, அதுவும் தாராளமாவே உண்டு. ஆனா எந்த இடத்துல வசதி வேணும், எந்த இடத்துல இடறல் வேணும்னு பிரிச்சுப் பார்க்கணும். போர்ஷன்ல குடியிருக்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், ராத்திரி தாழ்ப்பாள் போட்டுட்டுத்தானே படுக்கிறோம்? அதுல அவருக்கும் கோபம் இல்ல, நமக்கும் வருத்தம் இல்ல.

கீபோர்டுல வலது கன்ட்ரோலைத் தேடிப் பாருங்க. புது லேப்டாப் சிலதுல அந்தக் கீயையே தூக்கிட்டாங்க. உங்களுதுல இல்லைன்னா செட்டிங்ஸ்ல போய் வேற ஒரு கீயை ஒதுக்கிடுங்க. ஆனா ஒரு கீ கண்டிப்பா இருக்கட்டும்.