உல்லாசப் பயணமும் மான் இறைச்சியும்

பெருநாள் முடிந்த மறுநாளே நம் ஊர்களிலிருந்து வேன்கள் மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. ஏப்ரல் விடுமுறை என்றால் நுவரெலியாவில் கால் வைக்க இடமிருப்பதில்லை. மத்ரஸாக்களும் ஆண்டுக்கொரு முறை மாணவர்களை அழைத்துச் செல்கின்றன, நாமும் செல்கிறோம். இதனை வீண் செலவென்று கண்டிக்கும் பெரியோர் சிலர் உள்ளனர். அவர்களோடு நாம் உடன்படுவதில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு பணிக்கப்பட்ட சமூகம், தன் பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. நம் கவலை போவதைப் பற்றியதன்று. போன இடத்தில் தட்டில் விழுவதைப் பற்றியது.

யால, வில்பத்து, உடவளவை போன்ற வனவிலங்குப் பூங்காக்களை அண்டிய ஊர்களில் தங்குவோரிடம் இரவு உணவு பேசும்போது தாழ்ந்த குரலில் ஒரு வினா வருவதுண்டு: “மான் இறைச்சி இருக்கிறது, வேண்டுமா?” சில இடங்களில் அது மரையாக இருக்கும். நம்மவர் திருப்பிக் கேட்பது ஒன்றே: “ஹலாலா?” “நம்ம ஆள்தான் அறுத்தது” என்று பதில் வந்துவிட்டால் போதும், பயணக் குழு முழுவதும் நிம்மதியடைந்துவிடுகிறது. ஊர் திரும்பிய பின்னர் எம்மிடம் வந்து, உண்டது கூடுமா என்று வினவுவோரும் உளர். உண்ணும் முன்னர் வினவியோர் மிகச் சிலரே.

மான் தன்னளவில் ஹலாலான பிராணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மான் எவ்வாறு பிடிபட்டது? காட்டோரங்களில் பெரும்பாலும் கையாளப்படுபவை சுருக்குக் கம்பியும் கட்டுத்துவக்குமே. சுருக்கில் கழுத்து நெரிந்து செத்த பிராணியின் சட்டம் சூரத்துல் மாஇதாவின் தொடக்கத்திலேயே தெளிவாக உள்ளது. மூன்றாம் ஆண்டு மாணவரும் அதனை அறிவார். கட்டுத்துவக்கில் சுடுபவன் அவ்விடத்தில் நிற்பதே இல்லை. நள்ளிரவில் கம்பியில் கால் பட்டு விலங்கே வெடியை இழுத்துக்கொள்கிறது. அது விழும் வேளையில் எவருடைய நாவிலும் பிஸ்மில் இல்லை. விடிந்த பின் வந்து கத்தி வைத்தவர், உயிர் இருக்கும்போது வைத்தாரா என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார்.

உயிரோடிருக்கையில் முறையாக அறுக்கப்பட்டதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விவகாரம் தீர்ந்துவிடவில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் மானையும் மரையையும் காக்கிறது. நாம் குடிமக்களாக வாழ ஒப்பந்தம் கொண்ட நாட்டின் சட்டம், மார்க்கத்துக்கு முரணாகாத வரை, நம்மைக் கட்டுப்படுத்தும். “வேட்டை ஹலால்தானே, அதனை அரசு எப்படித் தடுக்கலாம்?” என்று வாதிடுவோர், இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை விலக்கப்பட்டிருப்பதையும், மக்கா மதீனா ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதே தடுக்கப்பட்டிருப்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். வில்பத்து ஹரம் அன்று. அந்தப் புனிதம் அதற்கில்லை. ஆயினும் ஓர் எல்லையை வகுத்து அதற்குள் உயிர்களை நிம்மதியாக விட்டுவிடுவது எனும் கருத்து நமக்குப் புதிதன்று.

இன்னொரு வாதமும் உண்டு. சுருக்கு, பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிக்காக வைக்கப்படுவது. பன்றியோடு நமக்கென்ன தொடர்பு என்பர். சுருக்குக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் கழுத்து மாட்டிக்கொண்டது. உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் செய்தும் சில நாள்களில் அது மடிந்தது. காட்டு இறைச்சிக்குக் காசு கொடுக்கும் ஒவ்வொரு வேனும் அடுத்த கம்பிக்குக் காசு கொடுக்கிறது.

நல்லதண்ணி என்றதும் அதன் மேலே நிற்கும் மலை நினைவுக்கு வராதிருக்காது. நம் முன்னோர் அதனை பாவா ஆதம் மலை என்றனர். சிங்களவருக்கு அது ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாத மலை. ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடத்தின் பெயரைக் குர்ஆன் கூறவில்லை. தப்ஸீர், வரலாற்று நூல்களில் வரும் ரிவாயத்துகளே இம்மலையைச் சுட்டுகின்றன. ஆதலால் இதில் அளவு மீறிப் பேசுவது நமக்கு உவப்பன்று. என்றாலும் 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இம்மலையில் ஏறி, பாறையில் தொங்கிய இரும்புச் சங்கிலிகளையும், தாடி வைத்த குரங்குகளையும், அட்டைகளையும் விரிவாக எழுதி வைத்தார். அட்டை கடித்தால் எலுமிச்சைச் சாறு பிழிவார்களாம். நம் மாணவர்கள் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிறார்கள். அட்டைகள் இரண்டையும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சுமார் 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரமும் அதைச் சூழ்ந்த வனமும், ஹோர்ட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்லும்போது நாம் மாணவர்களுக்கு உலக முடிவைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. அங்கே மரங்களின் பாசியில் பனிமூட்டம் படிந்து சொட்டும் நீரையும் பார்க்கச் சொல்கிறோம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அந்த மேட்டு நிலம் நீர் தருகிறது. மகாவலி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூதூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் அதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். நுழைவாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை வாங்கிக்கொள்வதற்காக ஊழியரோடு வாக்குவாதம் செய்வோரில் தொப்பி அணிந்தோரும் இருப்பது வருத்தத்துக்குரியது. அங்குள்ள மரைகள் மனிதருக்கு அஞ்சாமல் அருகே வருகின்றன. கையில் இருப்பதை உறையோடு தின்றுவிடுகின்றன.

யானைக்கு வாழைப்பழம் எறிவதும் இவ்வகையே. புத்தல – கதிர்காமம் வீதியில் வாகனங்களை மறித்து உணவு கேட்கும் யானைகளை அப்பழக்கத்துக்கு ஆளாக்கியோர் பயணிகள்தாம். ஓராண்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மடியும் நாட்டில், வீதிக்கு வந்து பழகிய யானையின் முடிவு எதுவாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு மின்னேரியாவுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் குளத்து நீர் வற்றி, வெளிப்படும் புல்வெளிக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு நாளில் ஆறு இடம் பார்க்கும் பட்டியலைப் பெற்றோர் சிலர் அனுப்பியிருந்தனர். அதில் ஐந்தை நீக்கிவிட்டோம். தங்கும் விடுதிக்கு இரவு உணவுக் குறிப்பையும் முன்கூட்டியே எழுதி அனுப்பியாயிற்று: சோறு, பருப்பு, கோழிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல்.