பி.டி. பீரியட் எங்கே போனது?

குறுவட்டப் போட்டிகளுக்கான பெயர்ப் பட்டியல் பள்ளிகளில் தயாராகிறது. 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் யார் ஓடுகிறார்கள், யார் தாண்டுகிறார்கள், யார் குண்டு எறிகிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டியவர் உடற்கல்வி ஆசிரியர். அவர் இல்லாத அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பட்டியல் பெயருக்குத்தான் போகும். சில சமயம் போகவே போகாது.

இது வெறும் விளையாட்டுக் குறை என்று நாம் கடந்துபோக முடியாது. ஊர்த் திடலில் யார் ஆடலாம் என்று யாரும் பலகை எழுதி வைப்பதில்லை. ஆனால் கோயிலை ஒட்டிய திடலில் காலனிப் பிள்ளைகள் பந்தோடு இறங்கினால் என்ன கேள்வி வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருப்பது தார்ச்சாலையும் அறுப்பு முடிந்த வயலும்தான். வயலும்கூட அதன் சொந்தக்காரர் விட்டால்தான். எந்தத் தெரு என்று கேட்கக் கூடாத ஒரே மைதானம் அரசுப் பள்ளியுடையது. (அங்கும் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. அதைத் தடுக்கச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்திருக்கிறது.)

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவருடைய தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பள்ளியில் அந்தப் பணியிடம் காலியாக இருந்திருந்தால்?

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், மருத்துவச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. அவற்றுக்குக் கேட்கும் சான்றிதழின் முதல் படி குறுவட்டம். அங்கே பெயர் போகாத பிள்ளைக்கு மாவட்டமும் மாநிலமும் அடைத்த கதவுகள்தான். காசுள்ள வீட்டுப் பிள்ளை நகரத்துப் பயிற்சியாளரிடம் போய்விடும். நிலமில்லாத கூலி வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

2012இல் அரசு பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் எடுத்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. உடற்கல்வியும் அதில்தான் வந்தது. ஊதியம் பிறகு ஏறியது, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கும் ஊருக்குமாக அலைவது நிற்கவில்லை. மூன்று அரை நாளில் ஒருவர் தொடர் ஓட்ட அணியை எப்படித் தயார் செய்வார்? பத்தாம் வகுப்பென்றால் இருக்கும் பி.டி. பீரியடையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவரைத்தானே நிற்க வைத்துக் கேட்கிறார்கள்!

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். தண்ணீர் வரும் கழிப்பறை இல்லாத பள்ளியில் மாதவிடாய் நாளில் எந்தப் பெண் மைதானத்துக்கு வருவாள்?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் காலனிப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளிலும் முழுநேர உடற்கல்விப் பணியிடங்களை முதலில் நிரப்புங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம். போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பேருந்துச் செலவை ஆசிரியர் தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்கும் நிலை மாற வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.25,000 வரை விளையாட்டுப் பொருள்களுக்கென்றே ஒதுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் தெருவிலிருந்தும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: எவ்வளவு வந்தது, என்ன வாங்கினீர்கள், அந்தப் பந்து எந்தப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது?