அழுகண்ணிக்கு உரம் வேண்டாம்

சேஷாசலம் மலைத்தொடரில் மழை ஓய்ந்த பின், நீர் கசிந்துகொண்டிருக்கும் மணற்பாங்கான இடங்களில், நாணய அளவே உள்ள ஒரு செந்நிறச் செடி தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதன் இலையெங்கும் பனித்துளிகள் மின்னும். வெயில் ஏறிய பின்னும் அவை மறைவதில்லை. தமிழில் இதற்கு அழுகண்ணி என்று பெயர். தாவரவியலார் துரோசெரா என்பர். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் துரோசெரா பர்மன்னி, துரோசெரா இண்டிகா என்னும் இருவகைகள் வளர்கின்றன.

அந்தத் துளிகள் நீரல்ல, பசை. தேனென்று நம்பி வந்தமரும் சிறு ஈ அதில் ஒட்டிக்கொள்கிறது. அது விடுபடத் துடிக்கத் துடிக்க, மேலும் பல துளிகள் அதன்மேல் படிகின்றன. பர்மன்னியின் இலையோர இழைகள் சில நொடிகளிலேயே உள்நோக்கி வளைந்து, இரையை இலையின் நடுவே தள்ளுகின்றன. பின்னர்ச் செரிமான நீர் சுரந்து பூச்சியின் உடலைக் கரைக்கிறது. சில நாள்களில் வெற்றுக்கூடு மட்டுமே எஞ்சுகிறது. இங்கிலாந்தில் வளரும் ஓர் அழுகண்ணி வகையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சார்லஸ் டார்வின், மழைத்துளி விழுந்தால் அசையாத அவ்விழைகள் இறைச்சித் துணுக்கு பட்டால் வளைவதைக் கண்டு, 1875இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார்.

இச்செடி கொடியதன்று, ஏழ்மையில் வாழக் கற்றது. அது வேரூன்றிய மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. அக்குறையைப் பூச்சிகளைக் கொண்டு ஈடுசெய்கிறது. ஆகவே, இதனை வீட்டில் வளர்க்க விரும்புவோர் தோட்டக்கலையின் வழக்கமான பாடங்களை மறக்க வேண்டும். உரம் இட்டால் வேர் கருகும். உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகாது. சேமித்த மழைநீரே நன்று. கழுவிய மணலும் ஸ்பாக்னம் பாசியும் கலந்த தொட்டியில் விதையை மேலாகத் தூவி, மண்ணால் மூடாமல், நல்ல வெளிச்சத்தில் வைத்து, அடித்தட்டில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரையை அதுவே தேடிக்கொள்ளும். நாம் ஊட்ட வேண்டியதில்லை.

விதையை வளர்ப்போரிடமிருந்து பெறுங்கள். மலையிலிருந்து செடியைப் பெயர்த்து வராதீர்கள். திருவேங்கடவன் பெயர் தாங்கிய தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம். மேலும், ஓராண்டுக்குள் பூத்து விதை சிந்தி மடியும் செடி இது. விதை முதிருமுன் பிடுங்கினால் அடுத்த ஆண்டின் தலைமுறையையும் சேர்த்தே பிடுங்குகிறோம். மூலிகைக்கெனப் பறிப்போருக்கும் இது பொருந்தும்.

2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் காப்பக எல்லைக்கு வெளியே, ஏரிக்கரைகளை ஒட்டிய ஈரப் புறம்போக்குகளை நாம் இன்னும் பயனற்ற தரிசு என்றே கணக்கில் எழுதுகிறோம். மண் கொட்டி மேடாக்குகிறோம். வயலின் உரநீரை அங்கே வடியவிடுகிறோம். விளைச்சல் தராத அந்த நிலம்தான் அழுகண்ணியின் முழுச் சொத்து. அதனை வளப்படுத்தாமல் விட்டுவைப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி.