பம்பிங் ஸ்டேஷன் எங்கள் பகுதியிலேயே வரட்டும்

பாதாள சாக்கடைக் குழாய் பதிப்பதும் அதற்கான கழிவுநீர் உந்து நிலையம் கட்டுவதும் பற்றி எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டுவிட்டார்கள். “குழாய் வேண்டும், பம்பிங் ஸ்டேஷனை மட்டும் வேறு எங்காவது கட்டச் சொல்லி மனு கொடுங்கள்” என்று வற்புறுத்தியவர்களும் உண்டு. அந்த மனுவைச் சங்கம் கொடுக்கப் போவதில்லை. எங்கள் பகுதியில் எந்த இடம் தாழ்வோ அங்கேயே நிலையம் அமையட்டும் என்பது செயற்குழுவின் முடிவு. எப்படிக் கட்டுவது, எப்போது திறப்பது என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

தென்சென்னையின் இந்த ஓரம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை அப்போது 426 ஆனது. 42 உள்ளாட்சிகள் அதில் கரைந்தன. சொத்து வரி ரசீதில் மாநகராட்சி வந்துவிட்டது. கழிவறைத் தண்ணீர் இன்னும் செப்டிக் டேங்கில்தான் இறங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பதும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு. வீட்டுக்கு நான்கு பேர் என்று 100 வீடுகள் உள்ள தெருவை எடுத்துக்கொண்டால் தினம் 43,200 லிட்டர். 9,000 லிட்டர் பிடிக்கும் கழிவுநீர் லாரி என்றால் கிட்டத்தட்ட ஐந்து நடை. எந்தத் தெருவிலாவது தினமும் ஐந்து நடை லாரி வந்து யாராவது பார்த்திருக்கிறோமா? மிச்சம் மண்ணுக்குள் ஊறுகிறது, அல்லது ராத்திரியில் மோட்டார் போட்டு மழைநீர் வடிகாலில் விடப்படுகிறது. விடுவது நம் உறுப்பினர்களும்தான். அந்த வடிகால் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிப் போகிறது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அந்தச் சதுப்பு இடம்பெற்றபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். நிலையத்துக்கு இடம் தராமல் இந்தப் பெருமையைப் பேச எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

நிலையத்தின் இடத்தை யாரும் வேண்டுமென்றே எங்கள் தலையில் கட்டவில்லை. மேடுபள்ளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. சாக்கடை தானாக ஓட வேண்டும், ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறைந்தால் கசடு அடியில் தங்கிவிடும். அதற்காகச் சிறிய குழாயை 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் பதிப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைபோல் தட்டையான ஊரில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் நான்கு மீட்டர் ஆழம் கூடுதலாக இறங்கிவிடும். நம் மண்ணில் அந்த ஆழத்துக்கு வெகு முன்பே நிலத்தடி நீர் ஊறி வருகிறது, பள்ளம் சரிகிறது. எனவே ஓரிடத்தில் கிணறு வெட்டி, அதில் கழிவுநீரைச் சேர்த்து, மேலே தூக்கி, அழுத்தக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கிணற்றை மேட்டிலே வெட்டச் சொல்வது நடக்கிற காரியமா?

நாற்றம் வருமே என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த நாற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. தேங்கினால், காற்றில்லாத அடியில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. குழாயின் மேல் வளைவில் ஈரத்தோடு சேர்ந்து அது கந்தக அமிலமாகி கான்கிரீட்டைத் தின்கிறது. சாலை திடீரென்று உள்வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. குழிக்குள் இறங்கியவர் ‘வாசனை போய்விட்டது’ என்று நினைக்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, கிணற்றில் கழிவுநீர் தேங்கவே கூடாது என்பது. ஓடும் பம்புகளுக்கு மேல் மாற்றுப் பம்பும், இரண்டு வழி மின்சாரமும், அதற்கும் மேல் டீசலோடு தயாராக நிற்கும் ஜெனரேட்டரும் இருக்க வேண்டும். கிணறு மூடியே இருக்க வேண்டும். உள்ளிருந்து வரும் காற்று வடிகட்டியைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். இவை எல்லாம் ஓடிக் காட்டிய பிறகே வீட்டு இணைப்பு தரப்பட வேண்டும். திறப்பு விழாவுக்காக முன்கூட்டியே இணைப்புக் கொடுத்தால், தாழ்வான தெருக்களின் மேன்ஹோல் வழியே எல்லாம் வெளியே வரும்.

அடுத்தது மனித உயிர். 2013-ல் வந்த சட்டம் பாதுகாப்பின்றி ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததைவிட அதை உயர்த்த வேண்டியிருந்ததே எங்களை உறுத்துகிறது. கட்டுமானத்தில் ஆபத்து மிகுந்த நாள், புதுக் குழாயைப் பழைய, ஓடுகிற குழாயோடு இணைத்து அடைப்பை எடுக்கும் நாள். அன்று வாயு அளக்கும் கருவியும் காற்றோட்டக் கருவியும் மீட்புக் குழுவும் இல்லாமல் வேலை தொடங்கினால், அதை நிறுத்தச் சொல்லி எங்கள் உறுப்பினர்களே அங்கே நிற்பார்கள். பிறகு எப்போது குழாய் அடைத்தாலும், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் ஜெட் ராடிங் வண்டிதான் வர வேண்டும், ஆள் இறங்கக் கூடாது. அந்த வண்டி நுழைய முடியாத சந்துகளுக்கு இப்போதே என்ன வழி என்று வரைபடத்தில் காட்டுங்கள்.

இன்னொன்று, எத்தனை பேருக்காக இது கட்டப்படுகிறது என்பது. பழைய சென்னையின் சாக்கடை 1910-ல் திட்டமிடப்பட்டது, 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்ற கணிப்பில். 1961 கணக்கெடுப்பில் நகரம் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் பகுதியில் தனி வீடு இடிந்து எட்டு ஃப்ளாட் எழுவது அன்றாடக் காட்சி. இன்றைய வீடுகளை எண்ணிக் குழாயின் விட்டத்தை முடிவு செய்தால் மறுபடி சாலையைத் தோண்ட வேண்டிவரும். திட்டமிட்ட மக்கள்தொகை எவ்வளவு, எந்த ஆண்டுவரைக்கும் என்பதைப் பணியிடப் பலகையில் தமிழில் எழுத வேண்டும். ஒப்பந்தத் தொகையோடு இதையும் எழுதுவதில் என்ன கஷ்டம்?

சாலையை மூடுவதற்கு முன் இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே குழாய் நேராக இருக்கிறதா என்று கண்ணாடி வைத்தும், கசிகிறதா என்று தண்ணீர் நிரப்பியும் சோதிப்பார்கள். சோதனை நடக்கும்போது அந்தத் தெருக்காரர்கள் இருவர் உடன் நிற்க அனுமதி வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பக்கத்திலுள்ள ஆலந்தூர், தனி நகராட்சியாக இருந்த 1990-களின் பிற்பகுதியில், ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தபோது, பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் திரட்டியது. தெருத் தெருவாகக் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை, இருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் குழாய் பதிக்கும் முன்பே கட்டினார்கள். நாங்களும் நியாயமான இணைப்புக் கட்டணத்தை எதிர்க்கவில்லை. ஒரே தவணையில் கட்ட முடியாத குடும்பங்களுக்குச் சொத்து வரியோடு பிரித்து வசூலிக்கும் வசதி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தலையில் அது விழக் கூடாது.

எங்கள் பங்குக்கும் வேலை இருக்கிறது. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் சேர்த்தால், ஐப்பசி மழையில் எந்தப் பம்பும் தாங்காது. மழை நாளில் மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தெருத் தண்ணீரை உள்ளே விடுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டின் மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று சங்கத்தின் குழு வந்து பார்க்கும். செயற்குழு உறுப்பினர்களின் வீடுகளிலிருந்து தொடங்குகிறோம். தலைவர் வீட்டுக் குழாய் சாக்கடைத் தொட்டியில்தான் இறங்குகிறது என்பதை அவரே கூட்டத்தில் ஒப்புக்கொண்டு, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார்.