அரைக் கிலோ எங்கே போகிறது?

சீசனில் ஆலங்குடி பக்கம் போனால், வடகாடு, கீரமங்கலம் சாலையெல்லாம் பலாப்பழ வாசனைதான். 2018-ல் கஜா புயல் இங்கே ஏராளமான பலா மரங்களைச் சாய்த்துவிட்டது. மிச்ச மரங்களை நம்பி இருப்பவர்களுக்கு ஒவ்வொரு பழமும் காசு.

வடகாட்டில் பெரியம்மா தோப்பில் நாற்பது பழம் இறக்கியிருந்தார்கள். வாங்க வந்தவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரிதான் ஆத்தா, பதினாலு கிலோன்னு போட்டுக்கலாம்" என்றார். நானும் இரண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரே கனமாகத்தான் தெரிந்தது. பெரியம்மா விடவில்லை. "எதுக்கும் மெஷின்ல வையி தம்பி" என்றார்.

ஒன்று 14 கிலோ. இன்னொன்று 14 கிலோ 500 கிராம்!

ஒரு கிலோ தக்காளி கேட்ட இடத்தில் அரைக் கிலோ போட்டால், பையை வாங்கும்போதே கை சொல்லிவிடும். அதே அரைக் கிலோ பலாப்பழத்தில் எப்படி மறைந்தது?

ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் 1834-லேயே இதற்கு விடை எழுதிவிட்டார். நம் கை எடையை அளப்பதில்லை, விகிதத்தைத்தான் அளக்கிறது. சுமை கூடக் கூட, வித்தியாசமும் பெரிதாக இருந்தால்தான் உறைக்கும்.

மனிதர்கள் மட்டுமல்ல. கொசுப்புழு தின்பதற்காகத் தொட்டியில் விடுகிறோமே, அந்தக் கப்பி மீன்களும் அப்படித்தான். புது இடத்தில் விட்டால் பாதுகாப்புக்காகப் பெரிய கூட்டத்தோடு சேரப் பார்க்கும். ஒரு மீனா, இரண்டு மீனா என்றால் சட்டென்று தெரிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் பெரிய கூட்டமாக இருந்து, வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் தடுமாறிவிடும்.

வந்த வியாபாரி ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் கையும் நம் கை மாதிரிதான். ஆனால், கை தடுமாறும் இடத்தில் கணக்கு பெரும்பாலும் வாங்குபவர் பக்கமே சாய்கிறது. நாற்பதையும் எடை போட்டோம். பதினாலுக்குக் குறைந்தவையும் சில இருந்தன. இருந்தும் மொத்தத்தில் 18 கிலோ கூடுதல்! "இது ஒரு பழத்துக்கு மேல இருக்கே" என்று சிரித்தார் பெரியம்மா. வியாபாரியும் சிரித்துக்கொண்டே கூடுதல் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டிலும் இதே கதைதான். கீரைக் கட்டில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். நாற்பதாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஐந்நூறு ரூபாய் நம் கண்ணிலேயே படுவதில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு நூறு கட்டுக் கீரையில் பேரம் பேச வேண்டுமே!

சின்னத் தொகைக்குக் கண் போதும். பெரிய தொகை என்றால், பெரியம்மா சொன்னதுபோல மெஷினில் வைத்துவிடுங்கள்.